செயின் கட்டாத பிளேடு

எங்கள் அண்ணன் நாலு பேர் நடுவில் அசிங்கப்பட வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக எனக்கு இருந்த வேண்டுதல் இது. கோயிலுக்குப் போனால் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்காரரின் உடம்பு என்று எல்லோரும் கேட்பதை நானும் கேட்பேன். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது இதையும் கடைசியில் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவேன். கெட்ட புத்தி என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என் இடத்தில் ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நான் டிராக்டர் ஓட்டுகிறவள். என் பெயரில் என் சொந்த வண்டி. ஆரணியைச் சுற்றி தேவிகாபுரம் சாலையிலும் கண்ணமங்கலம் பக்கத்திலும் ஏர் ஓட்ட, மண் அடிக்க, தரை சமன்செய்ய என்று யார் கூப்பிட்டாலும் போவேன். வீட்டுக்காரருக்குச் செய்யாறு பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் நேரத்தில் நான் யாருடைய கொல்லையிலாவது புழுதியில் நின்றிருப்பேன். 'பொம்பளையா டிராக்டர் ஓட்டறது' என்று ஆரம்பத்தில் வாயைப் பிளந்தவர்கள் எல்லாம் இப்போது போன் போட்டு, 'எப்பம்மா வருவே?' என்கிறார்கள். அதை நான் கொஞ்சம் திமிராகவே சொல்லிக்கொள்வேன்.

அண்ணன் கதைக்கு வருவதற்கு முன்னால் டிராக்டரின் பின்பக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். என் தலையில் பழி விழுந்த இடம் அது. பின்னால் எதை மாட்டினாலும் மூன்று இடத்தில்தான் பிடிப்பு. கீழே இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கைகள், மேலே நடுவில் ஒரு கை. மேலே இருப்பதை டாப் லிங்க் என்போம். அதை முறுக்கி நீளத்தைக் கூட்டினால், குறைத்தால், மாட்டியிருக்கும் பிளேடு, அதாவது மண்ணை வழித்துச் சமன்செய்யும் இரும்புத் தகடு, முன்பக்கம் குனியும், இல்லாவிட்டால் பின்பக்கம் மல்லாந்து சாயும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. கீழ்க்கையைத் தூக்குகிற ராடில் ஒரு கைப்பிடி உண்டு. அதைச் சுற்றினால் பிளேடின் ஒரு முனை தாழும், இல்லை உயரும். இடமும் வலமும் ஆடாமல் பிடித்துக்கொள்வது இரண்டு செக் செயின்கள். சமதரையில் கலப்பை ஓட்டுகிறவர்கள் அந்தச் செயினைத் தளர விடுவார்கள், சோம்பேறிகள் கழற்றியே போட்டுவிடுவார்கள். மண்ணுக்குள் இறங்கிய கலப்பை தன் வழியில் ஓடிவிடும் என்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் சரிவில் பிளேடு இழுக்கும்போது செயின் இல்லை என்றால், பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அத்தனை கனமும் போய் இடிக்கும்.

எங்கள் ஊரில் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கொம்புக்கு வர்ணம் அடிப்பார்கள். எங்கள் வீட்டில் மாடு போய் டிராக்டர் வந்த பிறகு அந்த மரியாதை டிராக்டருக்குப் போனது. மற்ற வீடுகளில் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு மாலையைப் போட்டு நிறுத்திவிடுவார்கள். எங்கள் அண்ணனுக்கு அது போதாது. மூக்கிலிருந்து வால்வரை இனாமல் பெயின்ட் அடித்தால்தான் அவனுக்குப் பொங்கல். லீவருக்குச் சிவப்பு, பின்பக்கக் கைகளுக்கு மஞ்சள், செயினுக்கும் மஞ்சள். செயினைக் கழற்றிப் பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்து வேப்ப மரக் கிளையில் மாலை மாதிரி தொங்கவிடுவான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நைனா, எங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், வண்டியில் எனக்கும் எல்லாம் காட்டிக்கொடுத்திருந்தார். அண்ணனைவிட எனக்குக் கை சுத்தம் என்று அவரே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு அது பொறுக்காது. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தாலே, 'எறங்குமே, எறங்கு, வளையல் போட்ட கைக்கு இன்னா ஸ்டேரிங்கு' என்று விரட்டுவான்.

அந்த வருஷம் காணும் பொங்கல் அன்று காலையில் ஏரிக்கரையிலிருந்து எங்கள் களத்துக்கு இறங்கும் சரிவைச் சமன்செய்ய பிளேடு மாட்டினோம். டாப் லிங்க்கை முறுக்கி அளவு வைத்தது நான்தான். அதில் எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. செயின் இரண்டும் வேப்ப மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. 'செயின மாட்டலையாண்ணா?' என்று கேட்டேன். 'இன்னும் காயல. கையெல்லாம் ஒட்டும். உட்டுட்டு வா' என்றான். பெயின்ட் கெட்டுப்போகும் என்று அவனுக்குக் கவலை. என் காதால் கேட்டது, என் கண்ணால் பார்த்தது.

நைனா சரிவின் பள்ளப் பக்கத்தில், பிளேடுக்குப் பக்கத்திலேயே நடந்து கைகாட்டிக்கொண்டு வந்தார். மதகுச் சுவர் பக்கம் வண்டியைத் திருப்ப அண்ணன் பிளேடைத் தூக்கினான். தூக்கினதுதான் தாமதம், பிளேடு சடாரென்று பள்ளப் பக்கம் வீசி நைனாவின் வலது கணுக்காலைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் சிதறி ஓடின.

வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். எப்படி ஆனது என்று ஒரு பெரியப்பா கேட்டார். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தபடி, "டாப் லிங்க்க இவதான் முறுக்கனா பெரிப்பா. அளவ தப்பா வெச்சிட்டா. அதான் பிளேடு திரும்பிகினு வந்து நைனா மேல அடிச்சிடுச்சு" என்றான். நான் எழுந்து நின்று செயின் கதையைச் சொன்னேன். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் அவன் ஆளைவிட்டு இரண்டு செயினையும் வண்டியில் மாட்டிவைத்திருந்தான். வந்து பார்த்தவர்கள் எல்லாம், 'இதோ செயின் இருக்குதே, ஏம்மா புளுகற?' என்றார்கள். அடப்பாவி என்று மனசுக்குள் கத்தினேன். அவனுக்கு என் முகத்தை நேராகப் பார்க்கக்கூடக் கூச்சம் இல்லை.

நைனா ஒன்றும் சொல்லவில்லை. வலியில் கிடக்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். கலப்பை ஓட்டியவர்தானே, பிளேடு வேலை அவருக்கு அவ்வளவாகப் புரியாது என்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதோடு வண்டிப் பக்கம் நான் போகக் கூடாது என்று ஆனது. ஆவணியில் அவசர அவசரமாக எனக்குக் கல்யாணம் முடித்தார்கள். அதன்பிறகு ஒரு காதுகுத்து, ஒரு மஞ்சள்நீர் என்று எங்கே கூடினாலும் யாராவது ஒருத்தர் நைனாவின் காலைப் பார்த்து 'இப்ப எப்டி இருக்குது?' என்பார்கள். இன்னொருத்தர் குரலைத் தாழ்த்தி, 'பொண்ணு பண்ண வேல' என்பார்கள். தாழ்த்திய குரல்தான் எனக்கு நன்றாகக் கேட்கும். பந்தியில் சோறு இறங்காது. அண்ணன் எதிர்ப்பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடிப்பான்.

சில சமயம் எனக்கே சந்தேகம் வந்துவிடும். ஒருவேளை நான் வைத்த அளவுதான் தப்போ? ஒரு பொய்யை ஊரே சேர்ந்து சொன்னால் பொய் சொல்லாதவளுக்கே தலை சுற்றும். சொந்தமாக வண்டி வாங்கிய பிறகு ஆரணியில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஒருநாள் சும்மா கேட்பது போலக் கேட்டேன். "டாப் லிங்க்க தப்பா வெச்சா பிளேடு பக்கவாட்டுல திரும்புமாண்ணா?" அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்? டாப் லிங்க்க கழட்டியே போட்டாலும் பிளேடு மல்லாக்க சாயுமே ஒழிய பக்கவாட்டுல போவாது." அன்று வீட்டுக்கு வந்து முகம் கழுவும் சாக்கில் ஒரு மூச்சு அழுது தீர்த்தேன். அழுது முடித்த பிறகு கறுவ ஆரம்பித்தேன். அதுவரை என் வேண்டுதலில் பாதி வருத்தம். அன்றிலிருந்துதான் அது முழு வஞ்சம்.

போன தை மாதம், பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்கிறவர் ஒருவர் போன் செய்தார். ஊருக்கு வெளியே தேவிகாபுரம் சாலையில் ஒரு மேட்டின் மேல் புது வீடு கட்டியிருந்தார். அஸ்திவாரத்துக்கு மண் அடித்தது நான்தான்.

"அம்மா, வெள்ளிக்கிழம கிரகப்பிரவேசம். கேட்டுலர்ந்து வீட்டுக்கு ஏர்ற சரிவு கார்த்திகை மழைல அரிச்சிகினு போச்சு. சமையல் சாமான் ஏத்திகினு வேன் மேல ஏறணும். உங்க அண்ணன் வண்டியத்தான் கூப்ட்டேன். ரெண்டு நாளா பேஜாரு பண்ணிகினு கிறாரு. கொஞ்சம் ஜல்தியா வந்து பாக்கறியாம்மா?"

"உங்க அண்ணன்" என்ற வார்த்தைக்குப் பிறகு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தலைவாரி, பூ வைத்து, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டி, அதன்மேல் வேலைக்குப் போடும் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். "கிரீஸ்ல கை வெக்கப் போறதுக்கு எதுக்குப் பூவு?" என்றார் வீட்டுக்காரர். "விசேஷத்துக்குப் போறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

போய்ப் பார்த்தால், ஆகா! கண்கொள்ளாக் காட்சி. சாலையிலிருந்து வீட்டு வாசலுக்கு ஏறும் சரிவு செங்குத்தாக இருந்தது. மழைத்தண்ணீர் வடிவதற்காகக் காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் சாய்த்தும் விட்டிருந்தார்கள். சுவருக்கு அப்போதுதான் இளம்பச்சை அடித்திருந்தார்கள். அந்தப் பச்சையில் நீளமாக மூன்று கோடு. அண்ணனின் பிளேடு ஒவ்வொரு தடவையும் பள்ளப் பக்கம் ஓடிச் சுவரைக் கீறியிருந்தது. வீட்டு ஓனர் சுவரைப் பார்ப்பதும் அண்ணனைப் பார்ப்பதுமாக நின்றார். பக்கத்தில் மேஸ்திரி, மண் வாரிப் போட வந்த இரண்டு பெண்கள். பந்தல்காலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நைனா. அண்ணன் வேலைக்குப் போகும் இடத்துக்கெல்லாம் பொழுது போகட்டும் என்று அவரும் வண்டியில் ஏறி வந்துவிடுவார். அடிபட்ட காலை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

நான் என் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னாண்ணா, பிளேடு ஓடுது போல?"

"தரை சரியில்லமே. ஒரு பக்கமா சாச்சி வெச்சிருக்கான் மேஸ்திரி. இதுல எந்த வண்டியும் நிக்காது."

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, தண்ணி வடியணும்னு ஓனர் சொல்லித்தாங்க சாச்சிருக்குது. என்ன ஏன் இழுக்கறீங்க?"

நான் குனிந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். மஞ்சள் பளபளவென்று இருந்தது. செயின் மாட்டும் வளையங்கள் இரண்டும் காலி. அங்கேயே கையை நீட்டி, 'பாருங்கய்யா, செயின் இல்லை' என்று கூவியிருக்கலாம். ஆனால் எனக்கு அவனைத் தெரியாதா? 'இன்னைக்குத்தான் கழட்டனேன், எப்பவும் இருக்கும்' என்று ஒரே வரியில் தப்பிவிடுவான். பத்தொன்பது வருஷம் காத்திருந்தது ஒரு வரியில் நழுவிப்போவதற்கா? அண்ணனிடம் யாராவது புத்தி கேட்டால் போதும், அவனுக்குத் தலைகால் புரியாது. அதனால் தங்கச்சியாகவே பேசினேன்.

"ண்ணா, ஒரு சந்தேகம். பிளேடுக்கு செயின் மாட்டித்தான் ஆவணும்னு வொர்க்‌ஷாப்ல சொல்லிகினு கிறாங்க. நீ அனுபவஸ்தன். நீ எப்டி, மாட்டுவியா?"

அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். வீட்டு ஓனரையும் மேஸ்திரியையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "செயினா? அதெல்லாம் ஓட்டத் தெரியாதவன் கட்றது. ஸ்டேரிங்ல கை நின்னா செயின் எதுக்கு? இருவது வருஷமா ஓட்டறேன், ஒருநாள் பிளேடுக்கு செயின் மாட்டனது கிடையாது. வேணும்னா நைனாவ கேளு."

சாட்சியையும் அவனே கூப்பிட்டான். எனக்கு உள்ளே மத்தாப்பு.

"ஒருநாள்கூட இல்லியா?"

"அதான் சொல்றேனே. ஒருநாள்கூட இல்ல."

"நைனாவுக்குக் கால்ல அடிபட்டுதே, அன்னைக்கும் இல்லியாண்ணா?"

திரும்பி நைனாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அது… அது வேற" என்றான். மண் வாரும் பெண்களில் ஒருத்திக்கு என் பிறந்தவீட்டுப் பக்கம்தான் ஊர். 'பொண்ணு பண்ண வேல' என்று அவளும் எங்கேயோ கேட்டிருப்பாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "அப்ப இவங்க பண்ணது இல்லியா அது?" என்று வாய்விட்டே கேட்டாள். அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுக்கலாம் போல இருந்தது.

நான் அதோடு விடவில்லை. விடுவேனா? அவன் வண்டியில் ஏறி லீவரை இழுத்துப் பிளேடைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கினேன். இறங்கி வந்து பிளேடின் முனையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். அத்தனை கனமான இரும்பு தொட்டில் மாதிரி அந்தப் பக்கம் போய் டயரில் இடித்தது. "பாத்துக்கோங்க. செயின் இல்லாத பிளேடு இதுதான்" என்றேன்.

அடுத்து, அதே பிளேடு என் வண்டியில் எப்படி நிற்கிறது என்று காட்ட, அதை அவன் வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒரு பக்கத்தைச் சமப்படுத்திக்கொள்ளலாம் என்று ராடின் கைப்பிடியைச் சுற்றினேன். அசையவில்லை. குழாயை மாட்டி நெம்பினேன். ம்ஹும். குனிந்து பார்த்தால் திருகின் மரைக்குள் எல்லாம் மஞ்சள் பெயின்ட் இறங்கிக் கல் மாதிரி இறுகியிருந்தது. கொம்புக்கு அடிக்கிற மாதிரி திருகுக்கும் அடித்துவைத்திருக்கிறான் அறிவாளி. "இன்னாங்க, பொங்கலோட சேத்து இதையும் பூசிட்டீங்களா?" என்றார் மேஸ்திரி. அவருக்கும் ஒரு கணக்குத் தீர்க்க இருந்தது. வீட்டு ஓனர்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

மூன்று பிடிப்பிலும் செருகியிருந்த ஊசிகளைத் தட்டி எடுத்து பிளேடைத் தரையில் விட்டேன். அண்ணன் வண்டியை முன்னால் நகர்த்தினான். என் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து இடது கையை முதலில் மாட்டினேன். வலது கை ஒரு விரல்கடை உயரமாக நின்றது. கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினேன், வெண்ணெயாக இறங்கியது. கடைசியில் டாப் லிங்க். இரண்டு செயினையும் விறைப்பாகப் பூட்டினேன். பிறகு எல்லோரும் பார்க்க டாப் லிங்க்கைக் கன்னாபின்னாவென்று பத்துச் சுற்றுத் தளர்த்தி அளவைக் கெடுத்து, பிளேடை முன்பு போலவே ஒரு முழம் தூக்கினேன்.

"இப்ப டாப் லிங்க் தப்பா கீது. இதவிடத் தப்பா வெக்க முடியாது. மேஸ்திரி, வந்து தள்ளுங்க."

மேஸ்திரி பிளேடின் முனையில் தோளைக் கொடுத்து முக்கித் தள்ளினார். பிளேடு பின்பக்கம் மல்லாந்து நின்றதே தவிர, பக்கவாட்டில் இம்மிகூட அசையவில்லை. "நிக்குதுங்க" என்றார்.

அண்ணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "பழச எல்லாம் இப்ப எதுக்குக் கிண்டிகினு" என்று முனகினான். விறுவிறுவென்று போய்த் தன் வண்டியில் ஏறினான். "நைனாவ நீயே இட்டுகினு வா" என்று என் பக்கம் பார்க்காமலேயே சொல்லிவிட்டுக் கிளம்பினான். சாலையில் திரும்பும் வரைக்கும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மஞ்சளும் சிவப்பும் வெயிலில் என்ன அழகாக இருந்தன தெரியுமா!

வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டாப் லிங்க்கைப் பழைய அளவுக்கு முறுக்கினேன். மேட்டுப் பக்கத்து முனை கொஞ்சம் தாழும்படி ராடைச் சுற்றிவைத்தேன். மேலே வாசலில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி இழுத்தேன். ஏறும்போது இழுத்தால் முன்சக்கரம் லேசாகித் தூக்கும், இறங்கும்போது வண்டியின் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். முதல் இழுப்பில் அரித்த பள்ளங்கள் நிரம்பின. மூன்றாவது இழுப்பில் சரிவு பாய் விரித்த மாதிரி ஆனது. பிளேடு சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வந்தது. வீட்டு ஓனர் செருப்போடு மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு, "இனிமே எதுனா ஒண்ணுன்னா நீயே வந்துடும்மா. வெள்ளிக்கிழம குடும்பத்தோட சாப்புட வந்துடணும்" என்றார்.

அவன் பிளேடை அங்கேயே வேலியோரம் கழற்றிப் போட்டேன். வேண்டுமென்றால் திரும்ப வந்து எடுத்துக்கொள்ளட்டும், இன்னொரு தடவை இந்த வாசலில் தலைகுனியட்டும். கை கழுவிக்கொண்டு காபி குடித்தேன். அவ்வளவு ருசியான காபியை நான் அதுவரை குடித்ததில்லை. மற்றவர்கள் பந்தல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நைனாவும் நானும் மட்டும் வண்டிப் பக்கத்தில் நின்றோம்.

"இன்னா நைனா, கேட்டியா உம் புள்ள சொன்னத?"

"கேட்டேன்."

"டாப் லிங்க்கால பிளேடு பக்கவாட்டுல போவாது. பாத்தியா?"

"அது எனக்குத் தெரியாதா?" என்றார்.

பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். "இப்பத் தெரிஞ்சுதுல்ல, அது போதும்" என்றேன்.

"இப்ப இன்னா தெரியறது? அன்னைக்கே தெரியும்." தொடையைத் தடவிக்கொண்டே, மழை வருமா என்று பேசுகிற குரலில் சொன்னார். "பிளேடு பக்கத்துல நடந்துகினு வந்தவன் நானு. செயின் இல்லன்னு பாத்துகினுதான் வந்தேன். திட்டலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள கால் மாட்டிகிச்சு."

"அப்ப ஆஸ்பத்திரில அவன் சொன்னப்ப?"

"கேட்டுகினுதான் படுத்திருந்தேன்."

"ஏன் நைனா சொல்லல?"

"இன்னான்னு சொல்லச் சொல்ற? அப்பன் காலையே ஒடச்சிட்டான்னு பேரு வந்துட்டா அவன் வண்டிய எவன் கூப்புடுவான்? அவன் ஓட்டிப் பொழைக்கணும். நீ வேற வூட்டுக்குப் போறவ. ஒரு பேச்சுதானே, போனாப் போவுதுன்னு உட்டுட்டேன்."

ஒரு பேச்சுதானே.

மாதா மாதம் அவரை வேலூருக்குக் கால் வைத்தியத்துக்குக் கூட்டிப்போகிறவள் நான்தான். ஒரு தடவை புதிதாக வந்த நர்ஸம்மா காலைப் பார்த்துவிட்டு எப்படி அடிபட்டது என்று கேட்டார். முழுக்கதையையும் சொல்ல அலுப்பாக இருந்தது. "என்னாலதாங்க" என்று சொல்லிவிட்டேன். நைனா பக்கத்தில் படுக்கையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மேல் இருக்கிற வருத்தத்தை வெளியே காட்டாமல் பெரிய மனசோடு இருக்கிறார் என்று நினைத்து, வரும்போது கண்ணமங்கலத்தில் இறங்கி அவருக்குப் பிடித்த பழமெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். அதையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அண்ணன் பொய் சொன்னான். பயத்தில் சொன்னான், சின்னப் புத்தியில் சொன்னான். அவன் என்னைக் காப்பாற்றுவான் என்று நான் என்றைக்கும் எதிர்பார்த்ததில்லை. இவர் என்ன செய்தார்? இரண்டு பிள்ளைகளையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, இவள் போனால் போகட்டும் என்று என்னைத் தூக்கிக் கீழே போட்டிருக்கிறார். பத்தொன்பது வருஷமாகக் கற்பூரத்தைத் தொட்டு நான் வேண்டிக்கொண்டது ஆள் மாறிப்போன வேண்டுதல். காலையிலிருந்து இருந்த அத்தனை சந்தோஷமும் வடிந்துபோனது. கோபம் மட்டும் வடியவில்லை. போகவேண்டிய இடத்துக்கு அது இப்போதுதான் வந்து சேர்ந்தது.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். நைனா வழக்கம்போல மட்கார்டில் ஒரு கையை ஊன்றி, நல்ல காலைப் படியில் வைத்து, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார்.

"கையக் குடு."

நான் கொடுக்கவில்லை.

"பதினொன்னரைக்கு பஸ் வரும் நைனா. அதுல போ."

"இன்னாமே இது? இந்தக் கால வெச்சிகினு ஸ்டாப்பு வரைக்கும் எப்டி நடப்பேன்?"

"கொஞ்ச தூரந்தானே. போனாப் போவுது, நடந்துடு."

படியிலிருந்து காலை எடுத்தார். கோபமா, வெட்கமா என்று முகத்தில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நானும் முயலவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் இறங்கினார். நான் சாவியைத் திருப்பவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் சாலையை அடைந்து ஒரு புளியமரத்தைத் தாண்டிய பிறகுதான் வண்டியைக் கிளப்பினேன். சத்தம் கேட்டுத் திரும்பினார். மனசு மாறிவிட்டாள் என்று நினைத்திருப்பார். சாலையோரமாக ஒதுங்கி நின்று கையைத் தூக்கினார். வெயிலில் வேர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. வண்டியை நிறுத்தவில்லை.